பேர் வெட்டிய போணி

பொனிப்பாஸ் கப்பலில் சமையல்காரனாகப் போய், எந்தெந்தத் துறைமுகத்திலோ இருந்துவிட்டு, கடைசியில் பிலிப்பைன்ஸ் தீவு ஒன்றில் கோயிலில் வைத்துக் கட்டிய மனைவியோடு புன்னைத்துறைக்குத் திரும்பி வந்த அன்று, ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிய அந்தப் பெண் தெருவில் கூடியிருந்த எங்கள் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டு, தன் பேர் லூஸ்விமிந்தா என்றும், மிந்தா என்று கூப்பிட்டால் போதும் என்றும், தான் ஓர் அஸ்வாங் என்றும் சொன்னாள். எங்களுக்குப் பர்னாந்து, கொரைரா, மிராந்தா என்று இருப்பதுபோல அவர்களுக்கு அஸ்வாங் என்று ஒரு வீட்டுப்பேர் இருக்கும் என்று நினைத்து நாங்களும் தலையாட்டினோம். பிறகு அவள் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அஸ்வாங் என்றால் என்னவென்று விளக்கினாள்.

அவள் பேசிய தமிழ் முழுக்கப் பொனிப்பாஸிடம் கற்றது. ஆகவே அவன் யாரை எப்படிக் கூப்பிடுவானோ அப்படியேதான் அவளும் கூப்பிட்டாள். அவன் கூட்டாளிகளை மாப்ள என்றாள், அவன் மைனி என்று கூப்பிடுகிறவர்களை மைனி என்றாள், பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தத் தமிழில்தான் சொன்னாள், அந்தி மணி அடித்ததும் தனக்கு உடம்பு மாறும் என்று. சில நாள் கறுப்பு நாய், சில நாள் பன்றி, பெரும்பாலும் ஒரு பெரிய பறவை. கதவைப் பூட்டினால் பூனையாவாள், ஜன்னலை அடைத்தால் காற்றாவாள். வயிற்றுப் பிள்ளைக்காரி படுத்திருக்கும் வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்து, ஓட்டு இடுக்கு வழியாக நாக்கை நூலாக இறக்கி, உள்ளே இருப்பதைக் குடித்துவிட்டு வருவாள். காலையில் எழுந்து பல் துலக்கிக் கோயிலுக்குப் போவாள்.

"எங்க ஊர்ல இத மறைச்சிருவாவ மாமா. எனக்கு அது பிடிக்காது" என்று ஊர்த்தலைவர் மொராயிஸைப் பார்த்துச் சொன்னாள்.

மொராயிஸ் வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, "நம்ம ஊர்ப் பிள்ளையளையுமா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா. அயல்ல உள்ளவங்களத் தொட முடியாது. யார் பாத்திரத்துல வந்த சோத்த நான் தின்னேனோ, யார் பாத்திரத்த நான் வெறும் பாத்திரமாத் திருப்பாம ஏதாவது வச்சுக் குடுத்தேனோ, அவிய என் அயல். அவிய வீட்டுக் கூரைல எனக்குக் கால் நிக்காது. நானே நெனச்சாலும் நிக்காது."

இதில் ஆச்சரியப்பட எங்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை. கடலுக்குப் போன ஆள் திரும்பி வருவானா என்று தினமும் மணலில் நின்று பார்க்கிற ஊர் இது. பயப்படத் தெரியும், பயந்துகொண்டே மீனைக் கழுவி உலை வைக்கவும் தெரியும். அவளை ஊரைவிட்டு அனுப்பிவிடலாமா என்று கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். மொராயிஸ் அவரை ஏற இறங்கப் பார்த்து, "அனுப்பிட்டா நாம அவளுக்கு அயல் இல்லாமப் போயிருவோமே, அப்ப என்ன செய்வீரு?" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் அயலாரை நேசிப்பதைப் பற்றி வழக்கத்தைவிட நீளமாகப் பேசினார், வழக்கத்துக்கு மாறாக எல்லோரும் விழித்திருந்து கேட்டோம்.

மறுநாளிலிருந்து பாத்திரங்கள் புறப்பட்டன. சாளைக் குழம்பு, நெத்திலி அவியல், இறால் தொக்கு, வெள்ளிக்கிழமை ஆனால் முருங்கைக்கீரை, விசேஷ வீட்டில் பாயாசம், எல்லாம் மூடி போட்டு, துணி கட்டி, பொனிப்பாஸ் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தன. அவளும் ஒவ்வொரு பாத்திரத்தையும் கழுவி, தேங்காய்ப்பாலில் கிண்டிய ஒட்டரிசிப் பொங்கலோ புளித்த காடி ஊற்றிச் சமைத்த கறியோ வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். அந்தக் காடிக் கறி முதலில் யாருக்கும் பிடிக்கவில்லை, போகப்போகக் கல்யாண வீடுகளில் அதைக் கேட்டு வாங்க ஆரம்பித்தோம். அவள் கண்ணுக்குள் பார்த்தால் நம் முகம் தலைகீழாகத் தெரியும். அதற்கும் பழகி, கோயில் வாசலில் அவளை நிறுத்தி வைத்து அந்தக் கண்ணிலேயே முக்காட்டைச் சரிசெய்துகொண்ட பெண்களும் உண்டு.

அந்தி மணிக்குப் பிறகு சத்தம் கேட்கும். காஸ் அடுப்பு பற்றவைக்கிற லைட்டரை யாரோ விடாமல் அழுத்துவதுபோல டிக், டிக், டிக் என்று. அது பக்கத்தில் இருந்தால் மெதுவாகக் கேட்கும், தூரத்தில் இருந்தால் பலமாகக் கேட்கும் என்று மிந்தா முதலிலேயே சொல்லியிருந்தாள். ஆகவே சத்தம் பலமாகக் கேட்டால் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தோம், குறைந்தால் ஃபேனையும் டிவியையும் நிறுத்திவிட்டுக் காது கொடுத்தோம். வியர்க்க வியர்க்க ஊரே ஒன்றாக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சாயங்காலங்கள் அவை. மறுபடியும் பலமாகக் கேட்டதும் வீட்டுக்கு வீடு ஃபேன் சுற்றும்.

ஒரே ஒரு குறைதான் இருந்தது. பல பாத்திரங்கள் கொடுத்த வீட்டுக்குத் திரும்பி வரவில்லை, சில வீடு மாறி வந்தன. கொடுத்த பாத்திரத்தைக் கேட்டு வாங்குவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை, அதுவும் ஒரு அஸ்வாங்கிடம் போய் என் தட்டு எங்கே என்று யார் கேட்பார்? கல்லறைத் தோட்டத்தில் ஒரு சமாதிமேல் எவர்சில்வர் கிண்ணத்தில் ஒட்டரிசிப் பொங்கல் இருந்ததைப் பார்த்தவர்கள், யாரோ நேர்ச்சைக்கு வைத்திருக்கிறார்கள் என்று கும்பிட்டுவிட்டு வந்தார்கள். பொனிப்பாஸ் மறுபடியும் கப்பலுக்குப் போன பிறகு மிந்தா வாரத்தில் பாதி நாள் பையும் கையுமாகப் பஸ் ஏறினாள். பொழுது போகாமல் ஊர் சுற்றுகிறாள் என்று நினைத்தோம்.

இந்த நிலைமையில்தான் வியாகுலத்தின் மகள் அனிட்டா பேறுகாலத்துக்குத் தாய் வீடு வந்தாள். வியாகுலத்துக்குப் புருஷன் இல்லை, படகு கவிழ்ந்து போய்விட்டார், இருப்பது இந்த ஒரு மகள். அனிட்டாவுக்கு முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போனது. அது மிந்தா வருவதற்கு வெகு முன்னால் நடந்தது, அவள்மேல் பழி போட வழியில்லை. ஆனால் அதிலிருந்து வியாகுலத்துக்கு மகளின் வயிற்றைத் தவிர வேறு யோசனையே கிடையாது. மகள் எழுந்தால் எழுந்தாள், மகள் இருமினால் பதறினாள். டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லியிருந்தார். மருமகன் துபாயில். ஊரைவிட்டுக் கூட்டிப்போகலாம் என்றால், அயல் இல்லாத ஊர்களில்தானே அந்தச் சத்தத்துக்கு வேலை.

மகள் வந்து இறங்கிய அன்றே வியாகுலம் வீட்டில் உள்ளதிலேயே நல்ல தூக்குவாளியில் மீன்குழம்பும் சோறும் வைத்து மிந்தாவிடம் கொடுத்தாள். மிந்தா அவள் கண்ணெதிரிலேயே சாப்பிட்டு, விரலை நக்கி, "நல்லா இருக்கு மைனி" என்றாள். அதன்பிறகு தினமும் மத்தியானம் வந்து, வீங்கிப்போயிருந்த அனிட்டாவின் கால்களை மடியில் வைத்து அமுக்கிவிட்டாள். பிள்ளைக்கு என்ன பேர் வைப்பாய் என்று கேட்டாள். அனிட்டாவுக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிற்று. வியாகுலம் மட்டும் கதவோரம் நின்று அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்குவாளி இன்னும் திரும்பி வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மீன் அரிந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. உடன்குடியிலிருந்து அக்கா மதலேன். அனிட்டாவின் கல்யாணத்துக்குத் தன்னை நேரில் வந்து அழைக்காமல் பத்திரிகையை ஆள் மூலமாகக் கொடுத்தனுப்பினாள் என்று மதலேன் தங்கையோடு பேச்சை விட்டிருந்தாள். கல்யாணத்துக்கும் வரவில்லை, முதல் பிள்ளை போனதற்கும் வரவில்லை. அந்தக் குரலைக் கேட்டதும் வியாகுலம் மீனை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"ஏட்டி, நேத்து ஒரு வெளிநாட்டுக்காரி என் வீட்டுக்கு வந்து, என் பேர் வெட்டுன தூக்குவாளியக் குடுத்துட்டுப் போறா. உள்ள ஏதோ பொங்கல் இருக்கு. உங்க சோறு நல்லா இருந்துச்சு மைனிங்கா. நான் எப்ப அவளுக்குச் சோறு குடுத்தேன்?"

அந்தத் தூக்குவாளி வியாகுலத்தின் கல்யாணத்துக்கு மதலேன் கொடுத்தது. கொடுத்தவர் பேரைத்தான் பாத்திரத்தில் வெட்டுவோம். எங்கள் வீடுகளில் யார் வீட்டு அலமாரியைத் திறந்தாலும் மற்றவர்களின் பேர்தான் அடுக்கி வைத்திருக்கும். மிந்தா பாத்திரத்தில் எழுத்துக் கூட்டிப் படித்து, எந்தப் பேர் இருந்ததோ அவர்தான் தனக்குச் சோறு போட்டவர் என்று எடுத்துக்கொண்டு, விசாரித்து விசாரித்து ஒவ்வொருவர் வீட்டுக்கும் பஸ் ஏறிப்போய்த் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். செத்துப்போனவர்களுக்குச் சமாதியில் வைத்துவிட்டு வந்தாள்.

செய்தி தெருவில் பரவியதும் ஊரே அடுக்களைக்குள் ஓடியது. பாத்திரங்கள் உருண்ட சத்தத்தில் காக்கைகள் பறந்தன. அனுப்பிய பாத்திரம் எது, அதில் இருந்த பேர் யாருடையது என்று ஒவ்வொருவரும் நினைவுபடுத்திப் பார்த்ததில், மொராயிஸின் குழம்பால் அவருடைய சம்பந்தி அயலார் ஆகியிருந்தார். உபதேசியார் அனுப்பிய இறாலுக்கு டவுனில் இருக்கிற ஒரு மாமா. கோயிலை ஒட்டிய வீட்டுக்காரர்கள் போன வருஷம் அடக்கம் செய்த ஒரு கிழவரை அஸ்வாங்கிடமிருந்து பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். ஆனால் இவர்கள் யார் வீட்டிலும் வயிற்றுப் பிள்ளைக்காரி இல்லை. எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வந்து வியாகுலத்தின் வீட்டைப் பார்த்தார்கள்.

வியாகுலம் எல்லாப் பாத்திரங்களையும் தரையில் பரப்பியிருந்தாள். அண்ணன் பேர், நாத்தனார் பேர், புருஷன் பேர், புருஷனின் கூட்டாளிகள் பேர், கோயில் திருவிழாவில் ஜெயித்த தட்டில் சங்கத்தின் பேர். இத்தனை வருஷம் சமைத்த வீட்டில் அவள் பேர் வெட்டிய ஒரு கரண்டிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை, டவுனில் பாத்திரக்கடை அடைப்பு. ஒரு தட்டைத் திருப்பி அடியில் ஆணியால் தன் பேரைக் கீறி, அதில் சோற்றைப் போட்டுக்கொண்டு மிந்தா வீட்டுக்கு ஓடினாள்.

மிந்தா தட்டைத் தூக்கிப் பிடித்து, அதிலிருந்த இரண்டு பேரையும் படித்தாள். அவளுக்கும் அப்போதுதான் விஷயம் விளங்கியது.

"இது முன்னாடியே உங்க அண்ணன் பேர்ல இருக்கு மைனி. ஒரு பாத்திரத்துக்கு ஒரு ஆளுதான்."

"பேரில்லாத பாத்திரத்துல தந்தா?"

"அது கீழ கெடந்து எடுத்துத் தின்ன மாதிரி. கணக்குல வராது. ஆணியால கீறுனாலும் நிக்காது, கடைல வெட்டுன பேருதான் நிக்கும்." மிந்தா வியாகுலத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத்தன நாளும் தூரமாப் போயிட்டே இருந்தேன். உங்க வீட்டுப் பக்கம் வாசம் வரும்போதெல்லாம் திரும்பிருவேன். முந்தாநேத்து மட்டும் கூரைல உக்காந்துட்டேன், கால் ஏன் நின்னுச்சுன்னு புரியல, எப்படியோ எந்திரிச்சுப் போயிட்டேன். இன்னைக்கு எனக்குத் தெரியாது மைனி. அந்தி சாஞ்சா எனக்கு முகம் தெரியாது. அனிட்டா காலத் தெரியாது. பாத்திரத்துல இருந்த பேரு மட்டுந்தான் நாக்குல நிக்கும்."

அவள் அழுதாள். வியாகுலத்துக்கு அவளைத் தேற்றவும் தோன்றியது, அவள் கழுத்தை நெரிக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் வீட்டுக்கு வந்து, பரப்பிய பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்தபோதுதான் அந்தப் போணி ஞாபகம் வந்தது.

மதலேன் உடன்குடியில் வீடு கட்டிச் சாமியாரை வைத்து மந்திரித்தபோது வியாகுலம் வாயகன்ற ஒரு பெரிய எவர்சில்வர் போணி வாங்கிக்கொண்டு போனாள். பேர் வெட்டுகிறவன் வழக்கம்போலப் புருஷன் பேரைக் கேட்டான். அன்றைக்குப் புருஷனோடு ஏதோ சண்டை. "என் பேர மட்டும் போடும்" என்று சொல்லிவிட்டாள். உலகத்தில் அவள் பேர் இருக்கிற பாத்திரம் அந்த ஒன்றுதான், அது பேச்சில்லாத அக்காவின் வீட்டில் இருந்தது.

போனை எடுத்து, "யக்கா, அந்தப் போணிய எடுத்துட்டு வா" என்றாள். எதற்கு என்று அழுதுகொண்டே சொல்லி முடித்தாள். 

"அது எங்க கெடக்கோ, பாக்கணும்" என்று மதலேன் போனை வைத்துவிட்டாள்.

அதன்பிறகு வியாகுலம் பஸ் நிறுத்தத்துக்கும் வீட்டுக்கும் நடந்த நடையை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். மத்தியான பஸ்ஸில் அக்கா வரவில்லை. அடுத்த பஸ்ஸில் ஐஸ் பெட்டிகளும் பள்ளிக்கூட வாத்தியாரும் இறங்கினார்கள். போன் அடித்தால் மதலேன் எடுக்கவில்லை. அந்தி மணியை அடிக்க வேண்டாம் என்று மொராயிஸ் கோயில்பிள்ளையிடம் சொல்லிவிட்டார், சாமியாரும் தெரியாததுபோல இருந்துகொண்டார். பெரிய வெள்ளியை விட்டால், எங்கள் கோயிலில் அந்தி மணி அடிக்காத நாள் அது ஒன்றுதான். ஆனால் சூரியனுக்கு யார் சொல்வது, அது பாட்டுக்குப் பனைமரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. மிந்தா தன் வீட்டு வாசலில் இரண்டு கையாலும் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் தோள்பட்டை ரவிக்கைக்குள் அசைந்தது.

பஸ் வந்தது. மதலேன் இடுப்பில் போணியோடு இறங்கினாள். போணி நசுங்கி, உள்ளே முழுக்கக் கொத்துக் கொத்தாகக் கீறலோடு இருந்தது. வியாகுலம் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"கோழிக்குத் தண்ணி வச்சியாக்கா?"

"நீ ஆள் விட்டுல்லா கூப்பிட்ட" என்றாள் மதலேன். பிறகு குரல் உடைந்து, "வெளக்கி எடுக்க நேரம் ஆயிட்டு. எச்சம் போவேனான்னுச்சு. நட பிள்ள, நட" என்றாள்.

விளிம்புக்குக் கீழே, கோழி கொத்தாத இடத்தில், வியாகுலம் என்று வெட்டியிருந்தது. அக்காவும் தங்கையும் அதில் சோற்றைக் கொட்டி, குழம்பை ஊற்றி, ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடினார்கள். மிந்தாவுக்கு அதற்குள் விரல்கள் ஒட்டிப்போயிருந்தன, ஆகவே வியாகுலமே பிசைந்து ஊட்டினாள். நாலு வாய் இறங்கியது. மிந்தா வாயை மூடிக்கொண்டே கண்ணால் அடுப்பைக் காட்டினாள். மதலேன் மீதிச் சோற்றைக் கவிழ்த்துவிட்டு அங்கே இருந்த ஒட்டரிசிப் பொங்கலை அள்ளிப் போணிக்குள் போட, மிந்தா கையாக இல்லாத கையால் அதை வியாகுலத்தின் பக்கம் தள்ளினாள். அவ்வளவுதான், ஒரு பெரிய பறவை தலைக்குமேல் காற்றைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

வீட்டுக்கு வந்து மகளின் பக்கத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஃபேன் நின்றது. தெரு முழுக்க ஃபேன் நின்றது. முதலில் சத்தம் பலமாகக் கேட்டது. பிறகு குறைந்தது. இன்னும் குறைந்து, சுவரில் பல்லி சொல்வதுபோல ஆனது. பிறகு கேட்கவே இல்லை. ஓட்டின்மேல் நகம் வழுக்குகிற ஓசை வந்தது, ஒருமுறை, மறுபடியும் ஒருமுறை, கால் நிற்காமல் எதுவோ சறுக்கிச் சறுக்கி விழுவதுபோல. அனிட்டா அம்மாவின் கையைத் தன் வயிற்றின்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். உள்ளே பிள்ளை உதைத்தது. பிறகு மெல்ல டிக், டிக் என்று ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, ஊருக்கே கேட்கும்படி பலமாக அடித்தது. வீட்டுக்கு வீடு ஃபேன் சுற்றத் தொடங்கியது. யாரோ டிவியைப் போட்டார்கள்.

வியாகுலம் அக்காவோடு வாசலில் வந்து உட்கார்ந்தாள். இத்தனை மாதமும் இந்தச் சத்தம் பலமாகக் கேட்டபோதெல்லாம் நிம்மதியாகச் சோறு தின்றவள்தான் அவளும். இன்றைக்கு அதைக் கேட்கக் கேட்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"எந்தப் பக்கம்க்கா கேக்கு?"

மதலேன் தான் வந்த உடன்குடித் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் இன்னும் கூடியது.

"எங்க பக்கத்து வீட்டுல ஒரு பிள்ள இருக்கா" என்றாள். "நெறமாசம். போணில எச்சம் போவலன்னு நான் நின்னப்ப, அவதான் சாம்பல் கொண்டுவந்து குனிஞ்சு வெளக்கிக் குடுத்தா. எதுக்கு மைனி இவ்வளவு அவசரம்னு கேட்டா. சும்மான்னுட்டேன்."

"அவ பேரு என்ன?"

"முத்துச்செல்வி."

"அவ பேர்ல பாத்திரம் இருக்குமா?"

"யாருக்குத் தெரியும்? பாத்திரக்கட காலைல எப்பத் தொறப்பான்?"

"காலைல" என்றாள் வியாகுலம். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு இருவரும் மேற்கே காது கொடுத்தார்கள்.

"யம்மா, நல்லாக் கேக்குல்லா? இனிப் பயமில்ல, ஃபேனப் போடு" என்று உள்ளேயிருந்து அனிட்டா கூப்பிட்டாள். வியாகுலம் எழுந்து போய் சுவிட்ச்சின்மேல் கையை வைத்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, மறுபடியும் வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.